ஐயா நேவியில் இருந்தவர்: யுத்தகாலப் பதிவுகளைத் தேடத் தொடங்குபவர்களுக்கு

"அப்பா இரண்டாம் உலக யுத்தத்தில் நேவியில் இருந்தவராம், எங்கே தேடுவது?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். நேவியில் இருந்தாரா, நேவிக்கு வேலை செய்தாரா?

திருகோணமலையில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு அடியும் வைக்க முடியாது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்த பிறகு பிரித்தானியாவின் கிழக்குக் கடற்படைக்கு இந்தத் துறைமுகம் முக்கிய தளங்களில் ஒன்றாகிவிட்டது. டொக்யார்டில் ஆயிரம் வேலை, சீனன்குடாவில் விமானத் தளம், அங்கேயே எண்ணெய்த் தாங்கிகள், மலைகளில் பீரங்கிகள், இவை எல்லாவற்றுக்கும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். சீருடை போட்ட மாலுமியும், காலையில் பாஸைக் காட்டி உள்ளே போய் மாலையில் வெளியே வந்த பிற்றரும் (இயந்திரங்களைப் பொருத்திப் பழுதுபார்ப்பவர்), ஸ்டோர் கிளாக்கரும், விமானத் தளத்தில் மண் வெட்டியவரும் ஊருக்கு ஒன்றுதான்: "அவர் நேவி". ஆனால் இவர்கள் ஒவ்வொருவரின் கடதாசியும் வெவ்வேறு இடத்தில் இருக்கிறது. தவறான இடத்தில் தேடினால் "அப்படி ஒருவர் இல்லை" என்று பதில் வரும், அதைப் படித்துவிட்டு அப்பா சொன்னது பொய் என்று நினைத்துக்கொள்வோம். அந்த நினைப்போடு தேடலைக் கைவிட்ட இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்த மனவருத்தம் இன்னொருவருக்கு வரக்கூடாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

சரி, எங்கே தொடங்குவது?

வீட்டில். இணையத்தில் அல்ல. றங்குப் பெட்டி, சாமியறை அலுமாரி, பழைய பிஸ்கட் டின், காணி உறுதி வைத்திருக்கும் பை, எல்லாவற்றையும் ஒரு முறை கொட்டிப் பாருங்கள். எங்கள் ஊர்க் குடும்பங்கள் 83இலும் 90இலும் ஓடியவை, 2004 சுனாமியில் கடற்கரைப் பக்கத்து வீடுகள் இழந்ததற்குக் கணக்கில்லை, ஆகவே "எங்களிடம் ஒன்றும் இல்லை" என்று உடனே சொல்லிவிடுவோம். ஆனால் நம்மிடம் இல்லாதது யாழ்ப்பாணத்து மாமியிடமோ கனடாவில் இருக்கும் பெரியப்பா மகளிடமோ இருக்கலாம். ஓடும்போது சிலர் படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களிடம் "ஏதாவது இருக்கிறதா" என்று பொதுவாகக் கேட்டால் இல்லை என்பார்கள். "தொப்பி போட்ட படம் இருக்கிறதா, பதக்கம் இருக்கிறதா, சிவப்புப் பச்சை வில்லை இருக்கிறதா" என்று பொருளைச் சொல்லிக் கேளுங்கள்.

அந்த வில்லை என்ன என்று தெரியாதவர்களுக்கு: பிரித்தானிய இராணுவத்தில் அந்தக் காலத்தில் அடையாளத் தகடு உலோகத்தில் வரவில்லை. அழுத்திச் செய்த நார் அட்டையில் இரண்டு வில்லைகள், ஒன்று பச்சை, எட்டு மூலை, மற்றது சிவப்பு, வட்டம். பெயரும் இலக்கமும் குத்தியிருக்கும். பார்ப்பதற்கு உடைந்த விளையாட்டுச் சாமான் போல இருப்பதால் எத்தனையோ வீடுகளில் குப்பைக்குப் போயிருக்கும். கிடைத்தால் தண்ணீர் படாமல் வைத்துவிட்டு அதிலுள்ள இலக்கத்தை உடனே ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். இந்தத் தேடலில் பெயரைவிட இலக்கம்தான் பெரியது. பெயர் பத்து விதமாக எழுதப்பட்டிருக்கும், இலக்கம் மாறாது. தரைப்படையில் இருந்தவர் என்றால் சம்பளப் புத்தகமும் இருக்கும், உள்ளங்கை அளவில், பழுப்பு மட்டையோடு. அதில் இலக்கம், சேர்ந்த திகதி, எந்தக் கொம்பனி என்பதெல்லாம் கிடைக்கும்.

பதக்கத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இரண்டாம் யுத்தத்துக்குப் பிரித்தானியா கொடுத்த பதக்கங்களில் பொதுவாகப் பெயர் வெட்டவில்லை. இந்தியப் படைக்கும் ஆஸ்திரேலிய, தென்னாபிரிக்கப் படைகளுக்கும் கொடுத்தவற்றில் பெயர் இருக்கும், மற்றவற்றில் விளிம்பு வெறுமையாகத்தான் இருக்கும். அதனால் விளிம்பில் பெயர் இல்லை என்பதற்காக அது அப்பாவுடையது இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். நாடாவின் நிறத்தைப் பாருங்கள். நடுவில் செம்மஞ்சள், இரு ஓரமும் பச்சை, பச்சையின் நடுவே மெல்லிய கறுப்புக் கோடு என்றால் டிஃபென்ஸ் மெடல். ஆறு முனை நட்சத்திரத்தோடு மணல் நிற நாடா, அதன் நடுவில் சிவப்பு, பக்கத்தில் கடும் நீலமும் இளநீலமும் என்றால் ஆபிரிக்கா ஸ்டார். இலங்கையர்கள் பயனியர் கோரிலும் (கட்டுமானம், சுமை வேலைகளுக்கான இராணுவப் பிரிவு) சேர்விஸ் கோரிலும் (போக்குவரத்து, பொருள் வழங்கும் பிரிவு) சேர்ந்து எகிப்து, லிபியாப் பக்கம் போயிருக்கிறார்கள், ஆகவே "அப்பப்பா மிசிர் தேசம் போனவர்" என்ற கதைக்கு அந்த நாடா நல்ல சாட்சி. பதக்கமே வாங்காமல் விட்டவர்களும் நிறையப் பேர். உரிமை உள்ள பதக்கத்தை வாரிசுகள் இப்போதும் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சின் மெடல் ஒஃபிஸுக்கு விண்ணப்பித்துக் கேட்கலாம்.

படங்களில் தொப்பியைப் பாருங்கள். மாலுமித் தொப்பியின் நாடாவில் "எச்.எம்.எஸ்." என்று மட்டும் இருந்து கப்பலின் பெயர் இல்லையென்றால் அது பெரும்பாலும் யுத்தகாலப் படம். எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்று எதிரிக்குத் தெரியக்கூடாது என்பதற்காகப் பெயரை எடுத்துவிட்டார்கள். படத்தைத் திருப்பினால் ஸ்டூடியோவின் முத்திரை இருக்கலாம், அதிலிருந்து எந்த ஊரில் எடுத்தது என்றாவது தெரியும்.

வயதானவர்களிடம் கேட்கும் விதம்

"எந்த வருசம்?" என்று கேட்காதீர்கள். யாருக்கும் வருசம் நினைவில்லை, ஆனால் நமக்காக ஒன்றைச் சொல்லிவிடுவார்கள், அது பிறகு குடும்ப வரலாறாகிவிடும். திருகோணமலைக்காரருக்கு ஒரு நாள் மறக்காது: யப்பான் குண்டு போட்ட நாள். 1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை, காலை. சித்திரபானு வருசம் பிறக்க நாலைந்து நாள் இருந்தது, வீடுகளில் வருசத்துக்குப் பலகாரம் சுடும் நேரம். அதற்கு நான்கு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, கொழும்பில் போட்டிருந்தார்கள். அதே 9ஆம் திகதி ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் தாண்டது. ஆகவே இப்படிக் கேளுங்கள்: குண்டு போட்டபோது ஐயா வேலைக்குச் சேர்ந்திருந்தாரா? நீங்கள் ஊரைவிட்டு எங்கே போனீர்கள், அவரும் கூட வந்தாரா, இங்கேயே நின்றாரா? பெரியக்கா பிறந்தது அதற்கு முன்னா பின்னா? பிறந்த பிள்ளைகளின் சாதகக் குறிப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் மாதக் கணக்கில் சரியாகக் கொண்டுவந்துவிடலாம். நான் அப்படித்தான் செய்தேன்.

எங்கள் வீட்டுக் கதை இது. ஐயா 1987இல் காலமானார். குண்டு போட்ட அன்று அவர் நேவிக் கப்பலில் நின்றார் என்பது நாங்கள் ஐந்து பேரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்த கதை. மாலுமித் தொப்பியோடு ஒரு படம் வேறு கூடத்தில் தொங்கியது. பல வருடம் கழித்து வேறு ஒரு தேவைக்காக அம்மாவின் விவாகப் பதிவுப் பிரதியை எடுக்க வேண்டி வந்தது. 1942 ஆவணியில், எல்லாரும் குண்டுக்குப் பயந்து யாழ்ப்பாணம் போயிருந்த நேரத்தில் நடந்த பதிவு. மாப்பிள்ளையின் தொழில் என்ற இடத்தில் பதிவாளர் அழகான சாய்வு எழுத்தில் "டொக்யார்ட் பிற்றர்" என்று எழுதியிருந்தார். கப்பலில் நின்றவர் நான்கு மாதத்தில் எப்படிப் பிற்றர் ஆனார்? அந்த வரியைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்து இரண்டு நாள் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். பிறகு அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, "அவர் கப்பலில நிண்டவர் எண்டு எப்பவாவது சொன்னவரே? பட்டறைக்குள்ள நிண்டவர். நேவியில சேர்ந்தது பிறகு. நீங்கள்தான் அவரைக் கப்பலில ஏத்தி விட்டனீங்கள்" என்றார். உண்மை அதுவரை வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது, நாங்கள் கேட்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், பிறப்பு, விவாகம், இறப்பு மூன்றையும் முதலிலேயே எடுத்துவிடுங்கள். பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து எடுக்கலாம். பழைய பதிவுகளில் தொழில் எழுதியிருக்கும் இடத்தைக் கட்டாயம் பாருங்கள். அப்பாவின் விவாகப் பதிவில் மட்டுமல்ல, யுத்த காலத்தில் பிறந்த உங்கள் அண்ணன் அக்காமாரின் பிறப்புப் பதிவில் தகப்பனின் தொழில் என்ன என்றும் பாருங்கள். இறப்புச் சான்றிதழ் எப்படியும் வேண்டும், லண்டனுக்கு எழுதும்போது கேட்பார்கள். தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுத்து வையுங்கள், இரண்டு மூன்று பிரதியாக.

பெயர்

இதில்தான் அதிகமானோர் தடுமாறுகிறார்கள். கந்தையா என்ற பெயரை எடுங்கள். ஆங்கிலத்தில் அதைக் "கே" போட்டும் தொடங்கலாம், "சி" போட்டும் தொடங்கலாம். நடுவில் வெறும் "டி" வரலாம், "டி எச்" வரலாம், "ஐயா"வுக்கு "ஐ", "ஏ வை" என்று எழுதுகிறவனின் காதைப் பொறுத்து எதுவும் வரலாம். இது ஒரு சிக்கல். இரண்டாவது, நமக்குத் தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். வெள்ளைக்காரக் கிளாக்கர் கடைசியில் இருப்பதைக் குடும்பப் பெயர் என்று எடுத்திருப்பார். இன்னொருவர் அப்படியில்லை என்று தெரிந்து தகப்பன் பெயரில் கோவை திறந்திருப்பார். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் பெயர்களில் லெப்பை, மரைக்கார் போன்றவை ஓரிடத்தில் ஒட்டியும் ஓரிடத்தில் பிரிந்தும் இன்னோரிடத்தில் விடுபட்டும் இருக்கும். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் ஞானஸ்நானப் பெயரில் இருக்கும், வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். ஒரு தாளில் எல்லா விதமாகவும் எழுதிப் பட்டியல் போடுங்கள், ஒவ்வொன்றாகத் தேடித் தேடி வெட்டிக்கொண்டே வாருங்கள். பிறந்த திகதியும் நம்பத் தகுந்ததல்ல. சேர்வதற்காக வயதைக் கூட்டிச் சொன்ன பொடியன்கள் இருந்தார்கள், அதனால் குறிப்பில் உள்ள திகதியும் படைக் கடதாசியில் உள்ள திகதியும் ஒரு வருடம், இரண்டு வருடம் வித்தியாசப்பட்டால் ஆளே வேறு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

எந்தப் படை, எந்த இடம்

இலங்கையில் சேர்ந்து தரைப்படையில் இருந்தவர் என்றால் அது அநேகமாக சிலோன் டிஃபென்ஸ் ஃபோர்ஸ், அதற்குள் சிலோன் லைட் இன்ஃபன்ட்ரி, கரிசன் ஆட்டிலரி என்று பிரிவுகள். இன்றைய தரைப்படை 1949இல்தான் உருவானது, பழைய பிரிவுகளின் மரபு அதற்குள் வந்தது. கடற்படையில் என்றால் சிலோன் றோயல் நேவல் வொலன்டியர் ரிசேர்வ், ஊர்வழக்கில் சி.ஆர்.என்.வி.ஆர். உள்ளூர்த் தொண்டர் படையாகத் தொடங்கி 1943இல் பிரித்தானிய றோயல் நேவியின் கீழ்ப் போனது, 1950 டிசம்பரில் றோயல் சிலோன் நேவி ஆனது. இப்படி இடையில் கை மாறியதால் சி.ஆர்.என்.வி.ஆர். ஆட்களுக்கு இரண்டு பக்கமும் கேட்க வேண்டும்: கொழும்பில் கடற்படைத் தலைமையகத்துக்கு ஒரு கடிதம், பிரித்தானியாவுக்கு ஒன்று. நேரடியாக றோயல் நேவியிலோ பிரித்தானிய இராணுவத்தின் பயனியர், சேர்விஸ் கோர்களிலோ இருந்தவர் என்றால் பிரித்தானியாதான். இந்தியாவிலிருந்து படையோடு வந்து இங்கே குடும்பமாகிவிட்டவர் என்றால் அவருடைய ரெஜிமென்டின் பதிவகத்துக்கு எழுத வேண்டும், மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியில் வெலிங்டன்.

பிரித்தானியப் படைவீரர்களின் சேவைப் பதிவுகள் பாதுகாப்பு அமைச்சிடம் இருந்தன. 2022 முதல் அவற்றில் ஏறத்தாழ 97 லட்சம் கோவைகளை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றத் தொடங்கினார்கள். விண்ணப்பிக்கும் நாளில் உங்களுக்குரிய கோவை எங்கே இருக்கிறதோ அங்கேதான் கேட்க வேண்டும். பிரித்தானிய அரசின் இணையதளத்தில் "இராணுவ சேவைப் பதிவு" பக்கத்தில் தொடங்கினால் அதுவே சரியான இடத்துக்கு அனுப்பும். பிறந்து 115 வருடம் ஆகாதவர் என்றால் இறப்புச் சான்றிதழைக் கேட்பார்கள். விண்ணப்பத்தில் எல்லாப் பெயர் வடிவங்களையும் எழுதுங்கள், இலக்கம் இருந்தால் அதை முதல் வரியில். பதில் வரப் பல மாதம் எடுக்கும். எனக்கு வந்த முதல் பதில் "தகவல் போதாது" என்ற ஒற்றை வரி. பெயரைத் தலைகீழாக்கித் திரும்ப அனுப்பிய பிறகுதான் இரண்டாவது பதில் வந்தது, ஒரே ஒரு தாள்.

அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் இதே குழப்பம் வரும். கப்பல் என்ற நிரலில் "ஹைஃப்ளையர்" என்று இருந்தது. தம்பி அன்று இரவே இணையத்தில் தேடி அந்தப் பெயரில் ஒரு கப்பல் படத்தை அனுப்பினான், ஆனால் அது 1921இலேயே விற்கப்பட்ட பழைய குரூசர். பிறகுதான் விளங்கியது, றோயல் நேவி தன் கரைத் தளங்களுக்கும் கப்பல் போலவே எச்.எம்.எஸ். என்று பெயர் வைக்கும். எச்.எம்.எஸ். ஹைஃப்ளையர் என்பது நம்முடைய திருகோணமலைத் தளம். எச்.எம்.எஸ். லங்கா கொழும்பு. எச்.எம்.எஸ். பம்பாரா சீனன்குடாவில் இருந்த கடற்படை விமானத் தளம், உக்குஸ்ஸா கட்டுக்குருந்தை, ராஜாலியா புத்தளம். சின்னப் படகுகளில் வேலை செய்தவர்களையும் இந்தத் தளங்களின் கணக்கில்தான் வைத்திருந்தார்கள், ஆகவே தாளில் ஹைஃப்ளையர் என்று இருப்பதால் அவர் கடலுக்கே போகவில்லை என்றும் அர்த்தமில்லை. இந்த ஐந்து பெயரையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சேவைப் பதிவு கிடைத்த பிறகு, அந்தப் பிரிவு என்ன செய்தது என்று தெரிய வேண்டுமானால் கியூவின் இணையப் பட்டியலில் இலவசமாகத் தேடலாம். அங்கே கோவைகளை எழுத்தும் எண்ணும் சேர்ந்த தொகுப்பு இலக்கங்களில் வைத்திருக்கிறார்கள்: மத்திய கிழக்கில் இருந்த பிரிவுகளின் யுத்த நாட்குறிப்புகள் டபிள்யூ.ஓ. 169, தென்கிழக்காசியா டபிள்யூ.ஓ. 172, விமானப் படைப் பிரிவுகள் ஏ.ஐ.ஆர். 27, விமானத் தளங்கள் ஏ.ஐ.ஆர். 28. குண்டு போட்ட அன்று சீனன்குடாவிலிருந்து எழுந்த ஹரிகேன் விமானங்கள் 261ஆவது ஸ்க்வாட்ரனுடையவை, அதன் நாட்குறிப்பும் ஏ.ஐ.ஆர். 27இல்தான். இவற்றில் சாதாரண சிப்பாயின் பெயரை எதிர்பார்க்காதீர்கள், அவர் நின்ற இடமும் அன்றைய வேலையும் கிடைக்கும். சின்னக் கப்பல்களின் லொக் புத்தகங்கள் பெரும்பாலும் பேணப்படவில்லை. அப்பா அதிகாரியாக இருந்தால் வேலை சுலபம்: யுத்தகால நேவி லிஸ்ட்டுகளை (கடற்படை அதிகாரிகளின் பெயர்ப் பட்டியல்) ஸ்கொட்லாந்து தேசிய நூலகம் இலவசமாக இணையத்தில் போட்டிருக்கிறது, அதிகாரிகளின் நியமனங்கள் வெளியான அரசிதழான லண்டன் கெஸட்டும் இலவசம்.

டொக்யார்டில் சிவில் வேலை என்றால்? சேவைப் பதிவு இருக்காது, அதற்காக மனம் தளர வேண்டாம். பென்சன் கொப்பி, டொக்யார்ட் பாஸ், நற்சான்றுக் கடிதம், தொழிற்சங்க அட்டை, இவைதான் அவருடைய பதிவு. பிரித்தானியர் 1957இல் தளத்தைக் கையளித்துப் போனபோது வேலை போனவர்களிடம் ஏதாவது கடிதம் இருக்கும், கட்டாயம் தேடுங்கள். குண்டு விழுந்த பட்டறைக்குள் துப்பாக்கியும் இல்லாமல் நின்றவர்கள் அவர்கள், அடுத்த நாளும் வேலைக்குப் போனவர்கள். பதக்கம் இல்லை என்பதால் அந்தக் கதையைக் குறைத்து எழுதாதீர்கள்.

கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். பழைய அரசாங்க கெஸட்டும் அந்தக் காலப் பத்திரிகைகளும் அங்கே உண்டு. அடையாள அட்டையும் பென்சிலும் கொண்டு போங்கள், தேட வேண்டிய திகதிகளை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் முதல் மணித்தியாலம் விளம்பரங்களைப் பார்ப்பதிலேயே போய்விடும். போக முடியாதவர்கள் "நூலகம்" என்ற பெயரில் உள்ள இலங்கைத் தமிழ் ஆவண இணையத்தளத்தில் ஊர் மலர்களையும் நினைவு மலர்களையும் பாருங்கள், யாரோ ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதிய அரைப் பக்கத்தில் அப்பாவின் பெயர் இருந்துவிடும்.

யுத்தத்தில் இறந்தவரைத் தேடுகிறீர்கள் என்றால் வழி வேறு, சுலபமும்கூட. பொதுநலவாய யுத்த சமாதிகள் ஆணைக்குழுவின் இணையதளத்தில் பெயரைப் போட்டால் போதும், 1939 செப்டெம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை சேவையில் இறந்தவர்கள் அதில் உண்டு. நிலாவெளி வீதியில் நாம் தினமும் கடந்து போகும் யுத்த மயானத்தைப் பராமரிப்பதும் அவர்கள்தான். ஒரு மாலை உள்ளே போய்க் கற்களை வாசித்துப் பாருங்கள்.

கடைசியாக, கிடைத்ததைப் பாதுகாப்பது. எல்லாவற்றையும் போனில் படமெடுத்து, குறைந்தது இரண்டு நாட்டில் உள்ள இரண்டு உறவினருக்கு அனுப்பிவிடுங்கள், ஓடிப் பழகிய நமக்கு அதன் காரணம் சொல்லத் தேவையில்லை. படங்களை லமினேட் செய்யாதீர்கள். பின்பக்கத்தில் மெல்லிய பென்சிலால் விவரம் எழுதுங்கள், பேனை வேண்டாம். கூடத்தில் தொங்கிய படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி நான் எழுதியது இவ்வளவுதான்: "1944. ஹைஃப்ளையர், திருகோணமலை. இடமிருந்து மூன்றாவது ஐயா. மற்ற நான்கு பேரும் யாரென்று தெரியவில்லை." அதில் ஓரத்தில் நிற்பவருக்கு இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருக்கிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தாரா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.